மூன்று மணி வேன்

மச்சானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அக்காவின் இட்லிச் சட்டியில் பேஸ் கிடாரின் கம்பிகள் நான்கும் கொதித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். புதுக் கம்பி வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. பழைய கம்பியில் வருஷக்கணக்காக ஏறியிருக்கும் வியர்வையும் அழுக்கும் கொதிநீரில் கழன்றுவிட்டால் அது மறுபடி கணீரென்று பேசும். தண்ணீர் கருத்துப்போய் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. மச்சான் கரண்டியால் கிண்டியபடி, "வெந்துருச்சா பாரு மாப்ள" என்றார். வாசலில் அக்கா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஏலே, இவரு பண்ற கூத்துக்கு நீயும் கூட நின்னு வேடிக்கை பாக்குறியா? நாளைக்கு இதுல நான் இட்லி அவிக்கணுமாக்கும்?" திட்டு எனக்குத்தான் விழுந்தது. மச்சான் அதற்குள் கம்பிகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். அந்தச் சட்டியை அக்கா அன்றைக்கே அவருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஒதுக்கிவிட்டு, தனக்கு வேறு வாங்கிக்கொண்டாள்.

மச்சான் என் அக்காவின் கணவர். பகலில் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற வேலை. திருவிழாக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். அதே குழுவில் நான் கீபோர்டு. என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் பேஸ் வாசிப்பவரை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மேடைக்குப் பக்கத்தில் மட்டும்தான் பெட்டி ஸ்பீக்கர் இருக்கும். ஊர் முழுக்கக் கம்பங்களிலும் புளியமரங்களிலும் கட்டியிருப்பது குழாய் ஸ்பீக்கர். பாடகரின் குரலையும் கீபோர்டையும் அடுத்த ஊர்வரை கொண்டுபோகிற அந்தக் குழாய்க்குள் பேஸின் தடித்த ஒலி நுழையவே நுழையாது. அகரத்தில் ஒரு கச்சேரி முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு பெரியவர் மச்சானிடம் கேட்டார்: "எல்லாரும் வாசிச்சாக, நீ மட்டும் ஏன் அப்பு சும்மா நின்ன?" மச்சான் சிரித்துக்கொண்டே, "எனக்கு நிக்கிற வேலைதாங்கய்யா" என்றார். பிறகு வேனில் என்னிடம் சொன்னார்: "கேக்குறவனுக்கு நான் இருக்கது தெரிய வேணாம் மாப்ள. அவன் கால் தானா ஆடுனாப் போதும்."

கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிய பேஸ் என்று ஒன்றுகூட அவரிடம் இருந்ததில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரி டிரைவர்கள் சிலரைப் பழக்கம் பிடித்துவைத்திருந்தார். அங்கே சர்ச்சுகளிலும் பாட்டுக் குழுக்களிலும் உடைந்து மூலையில் கிடக்கும் பேஸ்களை அவர்கள் விசாரித்து, திரும்பி வரும் காலி லாரியில் போட்டு எடுத்துவருவார்கள். சாக்கில் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருக்கும். பிரித்தால் முருங்கைக்காயும் வாடின முட்டைக்கோசும் மணக்கும். ஒரு டிரைவருக்கு மட்டும் மனசு கேட்காது. "ஏனுங்க, இதுல என்னத்தைப் பாக்கறீங்க? அடுப்பெரிக்கக்கூட ஆகாதுங்க" என்பார். மச்சான் அதைக் காதிலேயே வாங்காமல் ஒரு கண்ணை மூடி, கிடாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் மற்றதையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை.

முதல் கிடாரில் அவர் பட்ட பாட்டை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. ஈரத்துணியைச் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் குப்புறப் போட்டு, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு மாதம் வைத்தார். நிமிர்ந்தது. கம்பி மாட்டிய மறுநாளே பழையபடி வளைந்துகொண்டது. மறுபடியும் அம்மி. மூன்றாவது தடவை கல்லைத் தூக்கும்போதுதான், கேரளாவில் ஒரு பேஸ்காரர் சொல்லியனுப்பியதாக டிரைவர் வந்து சொன்னார். கழுத்துக்குள்ளேயே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, தலைப்பக்கம் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால் அதன் திருகு தெரியும், அதைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும் என்று. ஆயுசு முழுக்கப் பூட்டோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு அந்த மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், அவரும் கூடவே சிரிப்பார்.

திருகு தெரிந்தபிறகு அவர் கையே வேறாகிவிட்டது. பூட்டுக்குள் இருக்கும் தகடுகளை மயிரிழை மயிரிழையாகத் தேய்க்கிற அதே அரங்களால், கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார். கம்பிகள் தலைப்பக்கம் வந்து உட்காரும் சின்னக் கட்டை மலிவான கிடார்களில் பிளாஸ்டிக்காக இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு எலும்பில் செய்து வைப்பார். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் எலும்புக்கா பஞ்சம்? கறிக்கடை பாயிடம் சொல்லிவைத்துக் கால் எலும்பு வாங்கி, கொழுப்புப் போகக் கொதிக்கவைத்து, வெயிலில் வெளுக்கவிட்டு, அறுத்து, ராவி, நான்கு பள்ளம் வெட்டுவார். சாக்கில் வந்த கட்டை ஒன்றிரண்டு மாதத்தில் மேடையேறத் தயாராகிவிடும். வாசித்துப் பார்த்துவிட்டு, ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களுக்குச் செலவான காசை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார். தனக்கென்று வைத்திருந்தது ஒன்றே ஒன்று, வார்னிஷ் உரிந்த கருஞ்சிவப்பு பேஸ்.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாள் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மச்சானால் கச்சேரிக்கு வர முடியவில்லை. குழுவை நடத்திய லீடர் முன்கோபக்காரர், ஆள் வராவிட்டால் வாயில் வந்ததைப் பேசுவார். மச்சானுக்குப் பேச்சு விழக் கூடாதே என்று நான் ஒரு வேலை செய்தேன். என் கீபோர்டை இரண்டாகப் பிரித்து, இடது பாதியில் பேஸ் ஒலியை வைத்து, வலது கையில் வழக்கம்போல வாசித்துக்கொண்டே இடது கையில் மச்சானின் வாசிப்பை வாசித்தேன். அவர் பக்கத்தில் நின்றே பழகியதால் எந்தப் பாட்டுக்கு எங்கே போவார் என்பது எனக்கு அத்துப்படி. நன்றாகவே வாசித்தேன் என்பதுதான் வினை. கச்சேரி முடிந்ததும் லீடர் என் தோளைத் தட்டி, "பேஸ் எங்கன்னு ஒருத்தன் கேக்கலையேப்பா! உன் இடது கை ஒரு ஆளுக்குச் சமம்" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் குழுவுக்குப் புதுப் பாடகி ஒருத்தி வந்தாள். பாடகி என்றால் கூடவே அவள் அம்மாவும் வருவார், அது எல்லாக் குழுக்களிலும் உள்ள வழக்கம். வேனில் ஏற்கெனவே மடியில் தபேலாவை வைத்துக்கொண்டு உட்காருகிற நிலைமை. பாடகிக்கு ஒரு சீட்டு, அவள் அம்மாவுக்கு ஒரு சீட்டு. லீடர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை நத்தம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. நத்தம் ரோட்டு டீக்கடையிலிருந்து வேன் கிளம்பும். "நம்ம ஆளுகளுக்கு ரெண்டரைன்னு சொல்லிட்டேன். உங்க மச்சானுக்கு மூணுன்னு சொல்லியிருக்கேன். நீ எதையும் போயிச் சொல்லிக்கிட்டிருக்க வேணாம்" என்றார். மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். பத்து வருஷமாகக் கூடவே வாசித்த மனிதர் அல்லவா? எதிர்த்துப் பேசினால் என் இடமும் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குக் கீழே, இடது கையைப் பற்றி அவர் சொன்னதும் எனக்குள் இனித்துக்கொண்டிருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சான் கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து, கருஞ்சிவப்பு பேஸுக்குப் புதிதாகச் செய்த எலும்புக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பழையது விரிசல் விட்டிருந்ததாம். அரத்தை ஊதிவிட்டு, "மூணு மணிக்குத்தான மாப்ள வேனு?" என்று கேட்டார். "ஆமா மச்சான்" என்றேன். "அப்ப நேரம் கிடக்கு. செத்த நேரம் இரு, இத ஒட்டிட்டுச் சேந்தே போவோம்" என்றார். டவுனில் வேலை இருக்கிறது, நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அக்கா நீட்டிய காப்பியைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டரைக்கு வேன் புறப்பட்டது. அவர் எப்போதும் உட்காரும் ஜன்னலோர சீட்டில் பாடகியின் அம்மா இருந்தார். நல்ல மனுஷி. சம்படத்திலிருந்து முறுக்கு எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார், நானும் வாங்கித் தின்றேன். வேனில் யாரும் மச்சானைப் பற்றிப் பேசவில்லை. அன்றைய கச்சேரியில் என் இடது கை ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றும் பேஸ் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒத்திகை அறைக்கு மச்சான் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். லீடர் அவரைப் பேசவே விடவில்லை. "கோயில் வேலை. ஒரு ஆளுக்காக வேனை நிறுத்திவச்சுக்கிட்டு இருக்க முடியுமா? நேரந்தவறுன ஆளை நம்பி நான் மேடை ஏற முடியாது, பாத்துக்கங்க" என்றார். நான் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கட்டையையே துடைத்தேன். மச்சான் அவரிடம் ஒன்றும் வாதாடாமல் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பு என்னுதுதான் மாப்ள. பசை காயட்டும்னு பாத்தேன். மூணு பத்து ஆயிப்போச்சு. நான் போறேன், டீக்கடைக்காரரு வேன் போயிருச்சேன்றாரு. பத்து நிமிசம். உன்னையச் சேத்துவிட்ட ஆளு நானே இப்படிப் பண்ணிட்டேன், உனக்கும் பேச்சு வாங்கி வச்சிட்டேன். மனசுல வச்சுக்காத." அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான், "விடுங்க மச்சான்" என்றேன்.

அந்தப் பத்து நிமிடம் அவரை விடவே இல்லை. அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க ஆரம்பித்தார். கல்யாண மண்டபத்துக்குச் சமையல்காரரோடு போய்ச் சேர்வார். ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே பையோடு நிற்பார். சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். பழனிப் பக்கமிருந்து இரண்டு குழுக்கள் அவரைத் தேடி வந்து கூப்பிட்டன. "நான் நேரத்துக்கு வர்ற ஆளு இல்லைங்க, உங்களுக்குச் சங்கடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா அதற்கும் திட்டினாள். "எலும்பையும் பசையையும் கட்டிக்கிட்டு அழுததுக்கு இதுதான் மிச்சம். பத்து நிமிசத்துல கிடைச்ச பேரக் கெடுத்துக்கிட்ட மனுசன்" என்று வாய்க்கு வாய் சொல்வாள். பேஸ்கள் மட்டும் லாரியில் வந்துகொண்டிருந்தன. பழுதுபார்த்து மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடை ஏறவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு பெரிய உருப்படி வந்தது. நின்றுகொண்டே வாசிக்கும் டபுள் பேஸ், வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்ட மாதிரி. ஏதோ ஒரு சர்ச்சில் மழைநீர் ஒழுகி முன்பலகை பிளந்திருந்தது. "வீட்டுக்குள்ள இன்னொரு ஆளா?" என்றாள் அக்கா. மச்சான் இரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினார். கடையில் விற்கிற வெள்ளைப் பசையைத் தொடவில்லை. தச்சர்கள் அந்தக் காலத்தில் உபயோகித்த வச்சிரம், தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, அதைத் தேடி வாங்கி வந்தார். வெந்நீருக்குள் டப்பாவை வைத்து உருக்க வேண்டும், நாற்றம் தெருமுனைக்குப் போகும். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "நாளைக்கு இன்னொருத்தன் இதத் தொறக்கணும்ல மாப்ள. வச்சிரம்னா சூடு காட்டுனா விட்டுரும். விடாத பசையப் போட்டா மரமுல்ல கிழியும்" என்றார்.

முன்பலகையை ஒட்டிய அன்று கூட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போயிருந்தேன். அவர் தூரிகையால் பசையைத் தடவிக்கொண்டே வர, நான் பலகையை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அவர் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டியதைச் சுற்றி இறுக்குவார். எங்கள் இரண்டு பேர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. நான்கு கைகளும் மரத்தின் மேல். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "மச்சான், அன்னைக்கு அந்த வேனு..." என்று ஆரம்பித்தேன். அவர் தலை நிமிரவில்லை. "அதையேன் இப்பப் போட்டுக்கிட்டு? பசை ஆறுது பாரு, அமுக்கிப் பிடி" என்றார். வச்சிரம் ஆறிவிட்டால் பிடிக்காது என்பது உண்மைதான். நான் அமுக்கிப் பிடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

டபுள் பேஸ் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு, கூடத்தில் நின்று அரைமணி நேரம் வாசிப்பார். மேடையில் யாருக்கும் கேட்காத ஒலி அந்த வீட்டில் தரை, சுவர், அடுக்களைத் தட்டு எல்லாவற்றிலும் கேட்டது. நான் போகிற நாட்களில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். இதற்குள் என் கதையும் முடிந்திருந்தது. குழுவில் எல்லாப் பாட்டுக்கும் இசையை முன்னாலேயே பதிந்து பென்டிரைவில் கொண்டுவர ஆரம்பித்தார்கள், என் இரண்டு கைகளுமே வேண்டாதவையாகிவிட்டன. என்னிடம் லீடர் அதை நேரில்தான் சொன்னார். மச்சான் கேள்விப்பட்டு வந்து, எனக்காக லீடரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

போன தை மாதம் மச்சான் போய்விட்டார். நெஞ்சுவலி. டாக்டர் பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார், இவர் எட்டுக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், சர்ச் இசைக்குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் டபுள் பேஸைக் கேட்டு வந்தார்கள். வீட்டில் சும்மா நிற்பதைவிட வாசிக்கட்டும் என்று அக்கா சம்மதித்தாள். லோடு ஆட்டோவில் ஏற்றும்போது அவர்களிடம் சொன்னாள்: "எங்க போனாலும் நேரத்துக்குப் போங்கப்பா. இத வாசிச்ச மனுசன் பத்து நிமிசம் பிந்திப் போயிதான் எல்லாத்தையும் விட்டாரு." அவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேன் இரண்டரைக்கே போய்விட்டது. அவர் மூன்றுக்கே போயிருந்தாலும் வேன் இருந்திருக்காது. எனக்கு முன்பே தெரியும். காலையில் அவர் கேட்டபோது மூன்று மணிதான் என்று சொன்னது நான்.

அக்கா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:

"அன்னைக்கு அவரு வீட்டுக்கு வர்றப்ப நான் விளக்குப் பொருத்திட்டேன். வேனை விட்டா ஒடனே வர வேண்டியதுதான, பொழுதடையிற மட்டும் ரோட்டுல நின்னு என்ன பண்ணுனீகன்னு கத்துனேன். வேன் திரும்பி வரும்னு நின்னேன்னாரு. யாரு சொன்னது திரும்பி வரும்னுன்னு கேட்டேன். உன் தம்பி உள்ள இருக்கான்ல, என்னைய விட்டுட்டுப் போக விடமாட்டான்னாரு."